பாண்டி பஜாரில் ஒரு டம்ளர் மைதா

ஊர் திரும்ப ரயில் ஏறும் முன், மளிகைக்கடையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரை நீட்டிக்கொண்டு கூச்சத்தோடு நிற்கிறேன்.

"இன்னாம்மா, காபிக்கடை பக்கத்துல கீது," என்கிறார் கடைக்காரர்.

நாளை மகளுக்குப் பிறந்தநாள். கேக் செய்முறைக் குறிப்பில் மைதா நூற்றிருபத்தைந்து கிராம். ஒரு டம்ளர் என்று நினைத்து இரண்டு தடவை செய்தேன், கேக் எழும்பவேயில்லை. டம்ளரில் எத்தனை கிராம் பிடிக்கும் என்று கேட்கிறேன்.

அவர் தட்டித் தட்டி நிரப்பி, டம்ளரின் எடையைக் கழித்துச் சொல்கிறார்: நூற்றறுபது. அரிசி அளப்பதுபோல நானும் இப்படித்தான் தட்டுவேன்; முப்பத்தைந்து கிராம் கூடுதல்.

"தட்டாம போடுங்க."

"தட்லன்னா கம்மியா வருமே, உனக்குத்தாம்மா நஷ்டம்!"

மாலை வெயிலில் மாவு வெண்புகையாகப் பறந்து டம்ளருக்குள் இறங்குகிறது. நூற்றிருபத்தைந்து. சாலை இரைச்சல் எங்கோ போய்விடுகிறது. நாளைய கேக் மெல்ல எழும்புவதை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.