சக்களத்திப் பெட்டிகள்

மலைமேல் எடப்புளி நாட்டில் இருக்கிற ஆபீசில் இரண்டு பெட்டிகள் சக்களத்திச் சண்டை போடுகின்றன, அதனால் ஆபீசையே சேலத்துக்கு இறக்கப் போகிறார்கள் என்று என் மச்சான் போனில் சொன்னார். அவர் அதைக் காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு லாரி டிரைவரிடம் கேட்டாராம். டிரைவருக்கு யார் சொன்னார்களோ. தோகாவில் எனக்கும் அதே மாதிரிப் பெட்டிகளோடுதான் பிழைப்பு என்பதால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. மணிமேகலை என்ன செய்வாள் என்று அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு.

மணிமேகலை நாமக்கல் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள். படிப்பு முடிந்ததும் நாங்களெல்லாம் ஊரைவிட்டுக் கிளம்ப, அவள் மலைக்கே பஸ் ஏறினாள். கணவர் செல்வம் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். வீட்டிலிருந்து அரைமணி நடையில், பழைய மிளகுக் கிடங்கொன்றில் அவளுடைய ஆபீஸ். இருபத்தாறு பெண்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கீழே உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர், வயர், இணையம் எல்லாம் மணிமேகலை பொறுப்பு.

இணையம் நுழைகிற இடத்தில், வருவதையும் போவதையும் சோதித்து விடுகிற இரண்டு ஃபயர்வால் பெட்டிகள். மூத்தது காவல் நிற்கும், இளையது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். "நான் இருக்கிறேன்" என்று நொடிக்கு நொடி ஒரு துடிப்பு இதிலிருந்து அதற்குப் போகும். துடிப்பு நின்றால் மூத்தது போய்விட்டது என்று இளையது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மூத்தது நன்றாக இருக்கும்போதே இளையதும் எழுந்து நின்றது. ஒரே வேலையை இரண்டும் இழுக்க, இருபத்தாறு பேச்சும் பாதியில் அறுந்தது. இப்படி ஒன்பது முறை.

சேலத்துத் தலைமை ஆபீஸ் எஞ்சினியர்கள் அங்கிருந்தபடியே பார்த்துவிட்டு மழையைக் குறை சொன்னார்கள். ஒரு பெட்டியை மாற்றியும் அனுப்பினார்கள். பத்தாவது முறையும் அறுந்தது. சேலத்திலிருந்து மேனேஜர் அருணாசலம் போனில் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க டெஸ்ட் வெக்கிறாங்கம்மா. கரண்டையும் மூத்த பெட்டியையும் நிறுத்தச் சொல்லிப் பார்ப்பாங்க, பெட்டியைத் திரும்பப் போடச் சொல்லியும் பார்ப்பாங்க. ஒரு போன் கால் கட்டானாலும் தை மாசத்துலருந்து ஆபீஸ் சேலத்துல."

சேலத்துக்குத் தினமும் இறங்கி ஏற அந்த இருபத்தாறு பேரில் ஒருவராலும் முடியாது. மணிமேகலையாலும் முடியாது.

வாட்ச்மேன் அர்த்தனாரிதான் அங்கே எலக்ட்ரீசியனும். கரண்ட் போவதையும் வருவதையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அவள் அதை வாங்கித் தன் குறிப்போடு வைத்துப் பார்த்தாள். பத்துத் தகராறும் கரண்ட் போன நிமிஷத்தில்தான் நடந்திருந்தன. ஆனால் ஆடிக் காற்றில் சில்வர் ஓக் கிளைகள் கம்பியில் விழுந்து பதினான்கு முறை கரண்ட் போயிருந்தது. அப்போது ஒரு பேச்சும் அறுந்ததில்லை. ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் என்ன நடந்தது?

"ஏனுங்ணா, ஆயுத பூசைக்கு இந்த ரூமைத் தொடச்சது யாருங்க?"

"நாந்தான் அம்மிணி. நீங்க பாப்பா காதுகுத்துன்னு லீவுல இருந்தீங்க. எல்லாத்தையும் கழட்டி, தொடச்சு, பொட்டு வெச்சு, இருந்த மாதிரியே மாட்டிப்போட்டேன்."

"இருந்த மாதிரியேங்களா?"

"ஒண்ணே ஒண்ணு மிச்சமாப் போச்சுங்க. செவப்பு வயரு, ஒரு மொழம் இருக்கும். அந்தப் பொட்டிலருந்து இந்தப் பொட்டிக்கு, அவ்வளவுதான். வேற எங்கயும் போகுல. வேண்டாததுன்னு உட்டுட்டேன்."

அவள் டார்ச்சை எடுத்துக் குனிந்தாள். இரண்டு பெட்டியிலும் ஒரு துளை காலியாக இருந்தது. மாற்றாத பழைய பெட்டியில் துளையின் வாயை அடைத்துச் சந்தனம் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம்.

"அந்த வயரு எங்கீங்ணா?"

அர்த்தனாரி பிடரியைச் சொறிந்தார். "வாழக்கன்னு சாயாம இருக்கோணும்னு கேட்டோட சேத்துக் கட்டினேன்."

வாழைக்கன்று காய்ந்து போய்விட்டது. சிவப்பு வயர் மட்டும் கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

துடிப்பு போக வேண்டிய நேர்வழி அதுதான். அது இல்லாததால், கேமரா வயர்களெல்லாம் வந்து சேருகிற சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாகப் பெட்டிகள் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தன. பெட்டிகளுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் இன்வெர்ட்டர் உண்டு, அந்த ஸ்விட்சுக்குக் கிடையாது. கரண்ட் போனதும் ஸ்விட்ச் அணையும், பேச்சு நிற்கும், ஒன்று செத்துவிட்டதென்று மற்றது நினைத்துக்கொள்ளும். நேர்வழி இல்லை என்ற மஞ்சள் எச்சரிக்கை சேலத்துத் திரையில் ஒரு மாதமாக இருந்திருக்கிறது. யாரும் படிக்கவில்லை.

"அப்ப சண்ட மூட்டி உட்டது நானுங்களா?"

"சண்டையே இல்லீங்ணா. ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேக்குல."

"எம் பேர மேல சொல்லீருவீங்களா?"

"எதுக்கு? அடுத்த பூசைக்குப் பொட்டி தலையில பொட்டு வைங்க. வாயில ஊட்டாதீங்க."

பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் துளையைச் சுத்தம் செய்தாள். புது வயர் மாட்டினாள். மாட்டியதும் இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, ஆஸ்பத்திரிக்காரர்கள் கீழேயிருந்து அழைப்புகளைக் கவனித்துக்கொண்டிருக்க, அர்த்தனாரி மெயினை இறக்கினார். கேமராக்கள் அணைந்தன. மணிமேகலை மூத்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம், இருபத்தாறு பேரில் ஒருத்தியான பாப்பாத்தி யாரிடமோ, "காது டாக்டருங்களா? நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க சாமி" என்று சொன்னது இடறாமல் கேட்டது. இளையது பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டது.

இனி மூத்ததைத் திரும்பச் செருக வேண்டும். இதுதான் அவளுக்குப் பயம். எழுந்ததும் அது தன் இடத்தைக் கேட்டு மல்லுக்கு நின்றால் எல்லாம் போச்சு. பிளக்கைச் செருகினாள். அது உயிர்பெற நாலு நிமிஷம் ஆகும். இரண்டாவது நிமிஷத்தில் மேஜைமேல் அவள் போன் அடித்தது. அருணாசலம்.

"எடுங்க அம்மிணி. சாரு கோவிச்சுக்குவாரு."

"இருங்ணா."

அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மூத்த பெட்டியில் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி, கடைசியில் ஆரஞ்சில் நின்றது. ஆரஞ்சு என்றால் துணைக்கு நிற்கிறது என்று அர்த்தம். சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தாறு குரல்களும் அறுபடாமல் நாள் சொல்லி, நேரம் சொல்லி, வழி சொல்லிக்கொண்டிருந்தன. மணிமேகலை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டாள். போன் மூன்றாம் முறையாக அடிக்கத் தொடங்கியது.