ஐஸ் மேல் வைத்த நொதி

தோர்சாஃப் மஸ்மூதி மாதிரி ஒரு ஜாக்கிரதைக்காரியை துனிசியாவில் எங்கள் ஸ்ஃபாக்ஸ் ஊரே பார்த்திருக்காது. ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேஜை அவளுக்கு. "கையக் கழுவினியாடி?" என்று கேட்காமல் என்னை உட்கார விடமாட்டாள். எரிச்சலாக வரும். ஆனால் டி.என்.ஏ.வை ஓட்டிப் பார்க்கிற என் ஜெல் கிழிந்துபோனால் முகம் சுளிக்காமல் புதிதாக ஊற்றித் தருபவளும் அவள்தான்.

உப்பேரிச் சேற்றில் வாழும் பாக்டீரியா ஒன்றின் டி.என்.ஏ.வில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி வந்து பிடித்துக்கொண்டு, ஜீனைப் படிக்க ஆரம்பிக்கும் புரொமோட்டர் அது என்பது அவள் கட்சி. அந்த நொதிக்குத் தானாக இடம் தெரியாது. சிக்மா என்கிற புரதம் கூடவே வந்து அடையாளம் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் கலந்துவிட்டுக் கடைசியில் ஹெப்பாரின் சேர்ப்பாள். பட்டும் படாமலும் ஒட்டியிருக்கிற நொதியையெல்லாம் அது பிடுங்கிக்கொண்டு போய்விடும். நிஜமான புரொமோட்டர் என்றால் நொதி நகராமல் நிற்க வேண்டும். நாலு வருஷமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை, பாவம்.

எங்கள் பேராசிரியர் மொன்ஜியை, மரியாதைக்கு ஒரு 'சி' சேர்த்து, சி மொன்ஜி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷர், ஆனால் மகா பிடிவாதம். ஆரம்பத்தில் ஒருமுறை அந்த நொதி ஐஸுக்கு வெளியே கிடந்து கெட்டுப்போனது. அன்றிலிருந்து, அதை ஐஸை விட்டு எடுக்கவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். தோர்சாஃப் கலக்குவதும் காத்திருப்பதும் ஐஸ் மேலேயேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கலந்து முடித்த நேரம், தன் அறையிலிருந்து சி மொன்ஜி போட்ட சத்தத்தில் குழாயைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

"போதும்மா. அது புரொமோட்டரே இல்ல. இந்தத் தலைப்ப விட்டுடு."

"விட்டுட்டு எங்க போறது சி மொன்ஜி? எங்கண்ணன் எண்ணெய் மில்லுல போயி உக்காரவா?"

"கத்தாத!"

"கத்துவேன்! என் படிப்பே போகுது, கத்தக்கூடாதா?"

அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. வெகுநேரம் கழித்து வந்து, இறுக்கி மூடியிருந்த கையைத் திறந்தாள். கைச்சூட்டில் குழாய் வெதுவெதுவென்று இருந்தது.

"ஐயையோ, போச்சுடி! கெட்டே போயிருக்கும்."

"எப்படியும் குப்பைக்குத்தானே? ஓட்டித்தான் பாரேன்," என்றேன்.

ஹெப்பாரின் சேர்த்து ஜெல்லில் ஓட்டினாள். நொதி பிடித்த டி.என்.ஏ. மெதுவாகத்தான் நகரும், அதனால் மேலேயே தங்கிவிடும். சாயங்காலம் பார்த்தால், மேலே அட்டக் கறுப்பாக ஒரு பட்டை! நான் கூச்சல் போட்டேன். அவள் அதைப் படம் எடுத்துத் தேதி குறித்தாள். மறுவாரம் கைச்சூட்டளவு வெந்நீர்த் தொட்டியில் வைத்துத் திரும்பச் செய்தாள். நின்றது. சரிபார்க்க, சிக்மா இல்லாமலும் செய்தாள். நிற்கவில்லை. அப்படியென்றால் அது புரொமோட்டரேதான். ஐஸிலும் நொதி வந்து தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது; டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிரித்து உள்ளே உட்காரத்தான் அதற்குச் சூடு தேவைப்பட்டிருக்கிறது.

படங்களை எடுத்துக்கொண்டு இருவருமாகப் போனோம். சி மொன்ஜி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அருமைம்மா! இத ஏன் முன்னாடியே சூட்டுல வச்சுப் பாக்கல?"

"நீங்க கூடாதுன்னீங்க."

"அடடா, நான் சொன்னா அப்படியே கேட்டுடுவியா?"

"வேற என்ன செஞ்சேன் சி மொன்ஜி, இந்த நாலு வருஷமா?" என்றாள். அப்போதுதான் அழுதாள்.