பழுப்பு ஏறினால் மருந்து

“நெறத்துல என்ற கண்ணு ஒருக்காலும் பொய் சொன்னதில்லீங்க” என்றபடி, சட்டைப் பையிலிருந்து அதிமதுரக் குச்சியை எடுத்து டீயைக் கலக்குகிறார் அர்த்தநாரி. மற்றவர்கள் பேனா வைக்கும் இடம் அது. நொய்யல் கரைச் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். வயது ஐம்பத்து மூன்று. பத்து நகமும் நீலம். நீலத்தில் மட்டும் இருபத்திரண்டு வகை பிரிப்பார். இருபத்து மூன்றாவது ஒன்று உண்டென்று சொல்ல இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் சர்க்கரை வியாதி என்றார். அன்றே சர்க்கரை டப்பாவை ஊர்விலக்கம் செய்துவிட்டு அதிமதுரத்தைக் குடியமர்த்தினார். “நாக்குல வெச்சதும் இனிக்காதுங்க. மெதுவா வரும். வந்துட்டா அப்புறம் போகாது. என்ற மச்சினன் மாதிரிங்க.”

அதிமதுரம் தனியாகவும் வரவில்லை. பின்னாலேயே தேன் வந்தது, கருப்பட்டி வந்தது, பனங்கற்கண்டு வந்தது. இவற்றையெல்லாம் உள்ளே விட அவரிடம் தொழில்முறைச் சட்டம் ஒன்று இருக்கிறது. “வெள்ளையா இருந்தாத்தானுங்க சர்க்கரை. பழுப்பு ஏறிருச்சுன்னா மருந்து.”

மனைவி ரங்காத்தாள் ஒருநாள் கேட்டாள்: “அப்ப அதிரசமும் மருந்துதானுங்களா?”

வெகுநேரம் ஆலோசித்து, மருந்துதான் என்று தீர்ப்பளித்து, இரண்டு வேளைக்கு உண்டானதை ஒரே வேளையில் உட்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கும், அடுத்த வீட்டு ஈஸ்வரமூர்த்தி மட்டும் இல்லாவிட்டால். பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். அதே வருஷம், அதே வியாதி. டீயில் எதையும் போடாமல், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு குடிக்கிற மனிதர். அந்த முகத்தின் மேல் அர்த்தநாரிக்குப் பொறாமை இல்லை. அவருடைய சோதனைக் குழாயின் மேல்தான்.

வியாழக்கிழமைதோறும் இருவரும் கம்பவுண்டர் ஆத்தப்பனிடம் சீசாவோடு போவார்கள். குழாயிலுள்ள நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பார் அவர். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல். ஈஸ்வரமூர்த்தியுடையது வாராவாரம் அசையாத நீலம்.

“வர்ற வழியில சாயம் கலந்துட்டு வர்றாருங்க. தொழில்காரனுக்குத் தெரியாதுங்களா?” என்பார் அர்த்தநாரி. ஆனால் அதே நீலத்தைத் தம் தொட்டியில் கொண்டுவர ஒரு வாரம் போராடி, எட்டுக் கட்டு நூலைப் பாழாக்கினார். அவருடைய இருபத்திரண்டு நீலத்தில் எதோடும் அது ஒட்டவில்லை.

அர்த்தநாரியின் குழாயில் ஒருமுறை செங்கல் வந்தாயிற்று; மறுபடி வந்தால் தினமும் ஊசி, பழுப்பு மருந்துகள் அத்தனைக்கும் தடை என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வியாழக்கிழமை, பெயர்ச் சீட்டு ஒட்டிய இரண்டு குழாய்களும் கொதித்து முடித்து மரச் சட்டத்தில் நின்றன.

“நெறத்துக்கு நீங்கதானுங்க வாத்தியாரு. உங்களுது என்ன நெறம்னு நீங்களே சொல்லிப்போடுங்க” என்றார் ஆத்தப்பன்.

“மாஸ்டர் கண்ணு பொய் சொல்லாதுங்க” என்றார் பெஞ்சிலிருந்து ஈஸ்வரமூர்த்தி, ரொம்ப மரியாதையாக.

ஒன்று, சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய செங்கல். மற்றது நீலம். அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். குனிந்து இரண்டு சீட்டையும் படித்தார். பிறகு, நீல நகமுள்ள ஆள்காட்டி விரல் தம் பெயரை மெல்லத் தாண்டிப் போய், ஈஸ்வரமூர்த்தியின் நீலக் குழாயைத் தொட்டது.