சனிக்கிழமைக் கோச்சியில் அக்கா

எங்கள் ஊர் ஸ்ரேஷனில் வாரநாட்களில் காலையில் ஒரு கோச்சி நிற்கும். சனி, ஞாயிறு என்றால் அதே கோச்சி ஊதிக்கொண்டு போய்விடும். சாவகச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்ரேஷன் அது. ஒரு கொட்டில், இருக்க ஒரு வாங்கு, ரிக்கற் கொடுக்க ஒரு தம்பி. சனிக்கிழமையில் எங்கள் ஊரவருக்கு யாழ்ப்பாணத்தில் என்ன வேலை இருக்கப்போகிறது என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

எங்களுக்கு இருந்தது. அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து இடது காலும் கையும் இழுத்துக்கொண்டிருந்தன. தபால் கந்தோரில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறவர்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்தே பழகியவர். அவரைக் கிழமைக்கு ஒரு தடவையாவது யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி செய்விக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எனக்குச் சனிக்கிழமைதான் தோது. வேறு யாரோடும் அக்கா போகமாட்டார்.

பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். அக்கா ஒரு காலை மிதிபலகையில் வைக்க முன்னமே கொண்டக்டர் "றைற்" என்றுவிடுவார். ஓட்டோவில் போனால் குலுக்கிய குலுக்கில் இடுப்பு நாரி பிடித்து, பயிற்சி செய்த கால் பழையபடி விறைத்துப்போகும். பயிற்சி நிலையமோ யாழ்ப்பாண ஸ்ரேஷனிலிருந்து கூப்பிடு தூரம். கோச்சி நின்றால் எங்கள் அலைச்சல் முடிந்தது.

அதற்காக நான் ஏறி இறங்காத இடமில்லை. சனசமூக நிலையத்துக்காரரோடு போனேன், தனியாகவும் போனேன். போன இடமெல்லாம் தேத்தண்ணி தந்தார்கள். கடைசியில் ஒருநாள் பத்திரிகையில் வந்தது. வார இறுதிப் புகையிரத சேவை மேம்படுத்தப்படுகிறதாம், சிறிய நிலையங்களிலும் இனிக் கோச்சி தரித்துச் செல்லுமாம். எங்கள் ஊரின் பெயரும் இருந்தது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"வரட்டும் பாப்பம்" என்றார்.

முதல் சனிக்கிழமை ஸ்ரேஷனில் வாழை கட்டியிருந்தார்கள். கோச்சி வந்து நின்றதும் உள்ளேயிருந்து மாலையோடு சிலர் இறங்கினார்கள். பேசினார்கள். எல்லோரும் "மேம்பாடு" என்றார்கள். அக்கா வாங்கில் இருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பேச்சு முடிந்து நாங்கள் பெட்டிக்குக் கிட்டப் போனபோதுதான் நான் அதைக் கண்டேன். கோச்சியின் படி அக்காவின் இடுப்புக்கு மேலே இருந்தது.

எங்கள் ஸ்ரேஷனின் மேடை பழைய மண்மேடை. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரமும் வராது. இத்தனை பேரிடம் அலைந்த நான் அதை ஒருநாளும் யோசிக்கவில்லை. கோச்சி நிற்கிறதா இல்லையா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற கோச்சியில் ஏறுவது எப்படி என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மாலை போட வந்த இளந்தாரிகள் இரண்டு பேர் ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அக்காவை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். நான் அவர்களுக்கு நன்றி சொன்னேன். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நாவற்குழி கழிந்தபிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் என்ன அரிசி மூட்டையே?"

"உதவி செய்த பிள்ளையள், அக்கா."

"இனி ஆரும் என்னைத் தூக்கக்கூடாது. தூக்கினா நான் வரமாட்டன்."

அடுத்த கிழமை நான் குசினியிலிருந்த பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோனேன். அக்கா கதிரையில் ஏறி, அதிலிருந்து படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து உள்ளே போய்விடுவார். நான் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறுவேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி நடக்கும்போது அக்கா இடையிடையே அந்தக் கதிரையில் இருந்து இளைப்பாறுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது எதிரே வந்தால், "ரீச்சர் எங்கை கதிரையோடை?" என்று கேட்பார்கள். நான் சிரித்துச் சமாளிப்பேன். அக்கா சிரிக்கமாட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது, கோச்சியின் கடைசிப் பெட்டியில் கொடியோடு வருகிற காட் ஒருநாள் இறங்கி வந்தார். தெற்குப் பக்கத்து மனுசன், தமிழை யோசித்து யோசித்து மரியாதையாகக் கதைப்பார்.

"அம்மா, மேடையிலை கதிரை வைக்க ஏலாது. விழுந்தால் நான் பதில் சொல்ல வேணும்."

"அப்ப அவ எப்பிடி ஏறுறது?"

"மேடை உயர்த்துவாங்கள். மேம்பாடு நடக்குதுதானே."

மேம்பாடு. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல்லுக் கூசத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டு, மேடையைப் பற்றிக் கேட்கப் புகையிரதக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவர் மிகவும் நல்லவிதமாகத்தான் விளங்கப்படுத்தினார். கோச்சியை நிறுத்துவது ஒரு பிரிவாம், மேடை கட்டுவது வேறு பிரிவாம். தாங்கள் நிறுத்தியாகிவிட்டதாம்.

"நிப்பாட்டிப்போட்டு ஏறவிடாட்டி என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன்.

"ரீச்சர், நீங்கள் கேட்டது நிப்பாட்டச் சொல்லித்தானே" என்றார்.

நான் எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அக்காவில் எரிந்து விழுந்தேன். அவர் பதிலுக்கு என்னில் எரிந்து விழுந்தார். கதிரையை மட்டும் நாங்கள் விடவில்லை. காட் தலையை ஆட்டிக்கொண்டு மறுபக்கம் பார்க்கப் பழகினார்.

பிறகு மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. மேடையெல்லாம் சேறு. அக்கா கதிரையில் ஏறி, படியில் ஏறி, உள்ளே போய் வாசற் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். நான் குனிந்து கதிரையை இழுத்தேன். வரவில்லை. கதிரைக்கால் ஒன்று சேற்றில் நன்றாகப் புதைந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, விசில் கேட்டது. கதிரை கழன்று வந்தபோது கோச்சி நகரத் தொடங்கிவிட்டது.

"ஏறடி" என்றார் அக்கா. வழமையான குரலில்தான் சொன்னார்.

நான் கதிரையோடு கொஞ்சத் தூரம் ஓடினேன். கதிரையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. பெட்டிகள் ஒவ்வொன்றாய்ப் போய் முடிந்தன. அக்காவின் கைப்பை என் தோளில். அவருடைய ஃபோன் அதற்குள். இரண்டு பேரின் ரிக்கற்றும் என் கையில்.

ரிக்கற் கொடுக்கிற தம்பி வெளியே வந்து, "பயப்பிடாதேங்கோ ரீச்சர், யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லுறன்" என்றார். அடித்தார், ஒருவரும் எடுக்கவில்லை. கதிரையை அவரிடம் விட்டுவிட்டு மெயின் றோட்டுக்கு ஓடினேன். பஸ் கிடைத்தது. அது கைதடியில் நின்று மரக்கறி மூட்டை ஏற்றியது. கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு மூட்டை ஏற்றியது. அக்கா இறங்கும்போது விழுந்திருப்பார் என்று நினைத்தேன். இறங்காமல் அப்படியே காங்கேசன்துறை வரைக்கும் போயிருப்பார் என்றும் நினைத்தேன். வாய்க்குள் கோச்சியையும் பஸ்ஸையும் திட்டிக்கொண்டு வந்தேன்.

யாழ்ப்பாண ஸ்ரேஷனில் அக்கா இல்லை. வாங்குகள் எல்லாம் பார்த்தேன். கழிப்பறைப் பக்கமும் போய்க் கூப்பிட்டேன். வாசலில் ரிக்கற் வாங்குகிறவரிடம், கால் இழுத்து நடக்கிற ஓர் அம்மாவைக் கண்டீர்களா என்று கேட்டேன்.

"ரிக்கற் கேட்டன். பின்னாலை வருது எண்டு சொல்லிப்போட்டுப் போனவ" என்றார்.

இரண்டு ரிக்கற்றையும் அவர் கையில் திணித்துவிட்டு, பயிற்சி நிலையத்துக்கு ஓடினேன். அக்கா அங்கே கதிரையில் நிமிர்ந்து இருந்து, கப்பியில் கட்டிய கயிற்றைப் பிடித்து இடது கையை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழுத்தில் செபமாலையோடு பருத்த ஒரு பெண் இருந்து, அக்காவின் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தா.

"எங்கை நிண்டனீ இவ்வளவு நேரமும்?" என்றார் அக்கா.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண்தான் எழும்பி என்னை இருத்தினா. குருநகர்க் கடற்கரைப் பக்கமாம். கிளிநொச்சியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க ஒவ்வொரு வெள்ளியும் போய்ச் சனிக்கிழமை திரும்புகிறவவாம்.

"இறங்கேக்கை நான் அவவைப் பிடிக்கேல்லை, தங்கச்சி. அவதான் என்ரை தோளைப் பிடிச்சு இறங்கினவ. பிறகு விடேல்லை. அப்பிடியே நடந்து வந்திட்டம்" என்று சிரித்தா.

வீட்டுக்கு வந்தபிறகு நான் கேட்டேன், ஏன் என்னோடு வரும்போது மட்டும் இத்தனை தரம் நின்று இளைப்பாற வேண்டியிருக்கிறது என்று.

"நீ பிடிச்சா விழப்போறன் எண்ட பயம் வருது" என்றார் அக்கா. "உன்ரை கை நடுங்குது. எனக்குத் தெரியும்."

அடுத்த சனிக்கிழமைக்கு நான் வரவேண்டாம் என்றுவிட்டார். கோச்சியில் அந்தக் குருநகர்க்காரி வருவாவாம், தாங்கள் கதைத்து வைத்திருக்கிறார்களாம். நான் கத்தினேன். இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். அது எதுவும் எடுபடவில்லை. ஸ்ரேஷன் வரைக்கும் வந்து ஏற்றிவிட மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. இப்போது கதிரையும் இல்லை. கோச்சிக் கடவையில் படலை போடுகிறவரும் ரிக்கற் தம்பியும் சேர்ந்து, தண்டவாளத்திலிருந்து கழற்றிய பழைய சிலிப்பர்க்கட்டைகளை அடுக்கி மேடையில் ஒரு படி செய்துவிட்டார்கள். யார் செய்தது என்று காட் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை. மேடை அப்படியேதான் கிடக்கிறது. பதிலாக ஒரு புதுப் பலகை வந்திருக்கிறது. மூன்று மொழியிலும் "மேம்படுத்தப்பட்ட வார இறுதிச் சேவை" என்று எழுதி, மேடையைவிட நல்ல உயரத்தில் நட்டிருக்கிறார்கள்.

போன மாதம் இன்னுமொரு மேம்பாடு வந்தது. திரும்பி வருகிற கோச்சியைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பயிற்சி மத்தியானத்துக்கு முன்னமே முடிந்துவிடும். சுகமில்லாத மனுசி அவ்வளவு நேரமும் எங்கே போய் இருப்பது என்று கேட்க நான் திரும்பவும் வெளிக்கிட்டேன்.

அக்கா என்னை மறித்தார். "உந்த வேலையை விடு. நீ போய்க் கேட்டா இன்னும் ஏதும் செய்துபோடுவாங்கள்."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வியள்?"

"குருநகர்க்காரி தன்ரை வீட்டை வரச்சொன்னவ."

போன சனிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் அவரைக் கூட்டிவரப் போனேன். சிலிப்பர்க்கட்டையில் தானே மெதுவாக இறங்கினார். முகம் தெளிவாக இருந்தது. நடக்கும்போது என் கையைத் தட்டிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமையில் ஒருநாளும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் வாயில் வைக்காத மனுசி அவர்.

"அங்கை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"சோறு."

"கறி?"

"கறியும்தான்" என்றார் அக்கா, முன்னால் பார்த்துக்கொண்டு.