மாப்பிள்ளை சவுதியில் இருக்கிறார்

போன ஞாயிறு சர்ச் முடிந்து, பாளையங்கோட்டையில் நண்பர் தேவராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ரிட்டயர்டு வாத்தியார். டிவியில் ஒரு பழைய காமெடிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்தது. பாதி கரகரப்பு... மீதி பாட்டு.

கதை? பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். அன்றைக்குப் பார்த்து தாசில்தார் விருந்துக்கு வருகிறார். ஊர் என்ன சொல்லும்? நாடகக்காரி ஒருத்திக்குப் பட்டுப்புடவை கட்டி, 'இவள்தான் என் சம்சாரம்' என்று நிறுத்திவிடுகிறார் கணவர்.

அந்தக் காலத்துக் காமெடிகளில் பாதி இப்படித்தான். வீட்டுக்குள் கல்யாணம் நாறிக் கிடக்கும். வாசல் மட்டும் பளிச்சென்று இருக்கும். கடைசியில் பெண்டாட்டி திரும்பி வந்து காலில் விழுவாள் – சுபம்! அவள் ஏன் போனாள்? அதை மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

"என்னமா வேசம் போடுதான் பாரும்வே!" அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரிப்பு.

காலிங் பெல் அடித்தது. அவருடைய பெரியப்பா மகனும் மனைவியும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். டிவி அணைந்தது. சிரிப்பும்தான்.

"ஜெபா வந்திருக்காளாமே, மாப்ள வரலியா?" அந்த அம்மா கேட்டார்.

"மாப்ள சவுதியிலல்லா இருக்காரு... லீவு கிடைக்கல. பிள்ள மட்டும் வந்திருக்கு."

மனுஷர் கொஞ்சமாவது தடுமாற வேண்டுமே! ஊஹூம்.

காபித் தட்டோடு வந்த மகள் ஜெபா அப்படியே நின்றுவிட்டாள்.

"அவன் கோயம்புத்தூர்லதான் இருக்கான், பெரியம்மா. எங்களுக்கு விவாகரத்து ஆயிட்டு."

"ஏன் தாயி?"

"அடிச்சான்."

தட்டை டீப்பாயில் வைத்தாள்.

"அப்பாட்ட போன்ல சொல்லி அழுதேன். பொறுத்துப் போன்னு சொன்னாவ."

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். பெரியம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே."

அதுவரை அழாத ஜெபா, அப்போதுதான் அழுதாள்.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். மகளைப் பற்றி ஏதோ வருத்தப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"சொந்தக்காரன் முன்னால மானத்தை வாங்கிட்டாளேவே!"

மகள் அடி வாங்கியபோதெல்லாம் பத்திரமாக இருந்த மானம்... அவள் வாயைத் திறந்ததும் போய்விட்டதாம்!