இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் பெட்டி டாக்டர் என்று பெயர். மூச்சு வாங்கும் கம்ப்யூட்டருக்கு ரேம் கூட்டி, விண்டோஸ் திணறினால் லினக்ஸ் போட்டு, இன்னும் நாலு வருடம் ஓட வைத்துவிடுவார். எது பழையது என்று மாறிப்போகாமலிருக்க, பழைய டிஸ்க்கின் மேல் சிவப்பு டேப் ஒட்டாமல் எந்த வேலையும் தொடங்கமாட்டார். நகல் எடுக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே நிற்க வைத்துக் காய்ச்சுவார். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா இறந்து ஏழு மாதம். இருந்தபோது, வேலைக்குக் கிளம்புமுன் மகளுக்காகப் பாடங்களை வாசித்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து வைப்பாள். மொத்தம் நாற்பத்தொரு பாடம். நடுநடுவே "கால ஆட்டாம கேளு" என்று அதட்டலும் வரும். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. மகள் தினம் ஒரு பாடம் கேட்டாள். பெட்டி திறக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. டிஸ்க் என்றைக்கு மண்டையைப் போடுமோ என்று பயந்து, எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம் என்றார் அத்தான்.

வீட்டு வேலைதானே என்று டேப் ஒட்டவில்லை. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். விண்டோஸில் பார்த்தபோது பழையது முதல் டிஸ்க், புதியது இரண்டாவது. நகலெடுக்க, பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினார். லினக்ஸ் வேறு வரிசையில் எண்ணக்கூடும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர். இரண்டும் ஒரே அளவாக இருந்ததால், வரிசை மாறியிருந்தது கண்ணில் படவில்லை. முதலாவதை இரண்டாவதில் எழுது என்று கட்டளை கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனார். ஒன்றரை மணி நேரத்தில் காலி டிஸ்க், அக்காவின் டிஸ்க் மேல் முழுக்க ஏறியிருந்தது.

போன் வந்து நான் ஓடினேன். மீட்க முடியுமா என்று கேட்டேன். மேலே எழுதியாகிவிட்டது, இனி யாராலும் முடியாது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும் அதே குரலில் சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. டீ போட்டுக் குடித்தோம். சர்க்கரை போடவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகும் அந்த மனிதர் கை பழகின வேலையைத்தான் செய்தார். புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டார், ரேம் கூட்டினார், விசிறியில் இருந்த தூசியைத் தட்டினார். மகளிடம் நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் பள்ளியிலிருந்து வந்ததும் அவரே சொன்னார்.

"அம்மா குரலையெல்லாம் அப்பா அழிச்சிட்டேம்மா. தப்பு என்னோடதுதான்."

அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. போய் சுவிட்சைத் தட்டினாள். பத்து நொடியில் திரை வந்தது.

"சீக்கிரம் வந்துடுச்சுப்பா" என்றாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தினம் பாடம் கேட்கிற ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.