ஏழு சிரிப்பும் ஏழு பங்கும்

எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார் என்று கேட்பார்கள். மலேசியாவில் எங்கள் கிள்ளான் எழுத்தாளர் வட்டம் அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தது. யாரும் ஏறக்கூடாது, ஏழு பேரும் காலிப் பல்லக்கோடு நடக்க வேண்டும்.

காரணம் பொன்னாடை. முன்பு ஒரு விழாவில் ஒருவருக்குச் சரிகை போட்டதையும், இன்னொருவருக்குக் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளும் துண்டு மாதிரி ஒன்றையும் போர்த்திவிட்டார்கள். துண்டு வாங்கியவர் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தனி வட்டம் தொடங்கிவிட்டார். மிஞ்சியது ஏழு பேர். இனி ஒருவரும் கோபித்துக்கொண்டு போகக்கூடாது என்று தலைவர் சமத்துவச் சட்டம் கொண்டுவந்தார். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். சட்டம் போடுவது அவருக்கு வெற்றிலை போடுவது மாதிரி. ஆளுக்கு நான்கு பக்கம். ஆளுக்கு மூன்று கைத்தட்டல். தேநீரில்கூட ஆளுக்கு ஒரே அளவு சீனி. இனிப்பு நீர் வியாதி உள்ள நானும் சமத்துவத்துக்காக அதைக் குடித்தேன்.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். வட்டத்தில் செயலாளர், அதாவது தலைவர் சொல்வதை நோட்டில் எழுதுகிறவன்.

ஏழு பேர் கதைகளையும் ஒரே புத்தகமாகப் போடுவதென்று முடிவானது. தையல்கடை மாடியில் ஒரு ஞாயிறு காலை அவரவர் கதையை வாசித்தோம். கடைசியாக வாசித்தவர் கம்போங் மேடானிலிருந்து வரும் அக்கா. பள்ளிக்கூடக் கண்டீனில் சமைக்கிறவர். அதுதான் அவருடைய முதல் கதை.

வருங்காலத்தில் நடக்கிற கதை. எல்லாரும் சமம் என்கிற ஓர் அரசாங்கம், எந்த வீட்டுச் சாம்பாரும் அடுத்த வீட்டுச் சாம்பாரைவிட ருசியாக இருக்கக்கூடாது என்று ஆணை போடுகிறது. அதிகாரிகள் கரண்டியோடு வீடு வீடாக வந்து, நன்றாக இருக்கிற சாம்பாரில் ஒரு கை உப்பை அள்ளிப் போடுவார்கள். ஒரு வீட்டில் கரண்டியை வாயில் வைத்த அதிகாரி அழுகிறார். ஏனென்று கேட்டால், "என் பொண்டாட்டி வச்ச மாதிரியே இருக்கு. வேலைக்கு வந்தும் தப்பிக்க முடியலையே!" மோசமாகச் சமைத்ததற்கு ஒருத்திக்கு விருது கிடைக்கிறது. அவள் புருஷன் மேடையேறி, "இது ஒரு நாள்ல வந்ததில்ல. இருபது வருஷமா நான் சாப்பிட்டிருக்கேன்" என்கிறான். எல்லா வீட்டிலும் ஒரே வாசம் என்பதால் இன்னொருவன் வேலை முடிந்து பக்கத்து வீட்டுக்குள் போய், சாப்பிட்டு, தூங்கியும் விடுகிறான்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் அவருக்குக் கவலை வந்துவிட்டது.

"ஏழு எடத்துல சிரிச்சிருக்கோம், நான் எண்ணினேன். மத்த ஆறு கதையில ஒரு சிரிப்புகூட இல்ல. இது சரியில்லைலா."

"அப்ப அவங்களையும் சிரிப்பா எழுதச் சொல்லுங்க தலைவரே," என்றார் அக்கா.

"அது நடக்காதும்மா. திறமையப் பங்கு வைக்க முடியாது. சிரிப்பைப் பங்கு வைக்கலாம்."

ஏழு பேர், ஏழு சிரிப்பு, ஆளுக்கு ஒன்றை எடுத்து அவரவர் கதையில் செருகிக்கொள்வது. மீதி வராததைப் பார்த்து, இது கடவுளே போட்ட கணக்கு என்றார்கள். ஓட்டெடுப்பில் ஆறு கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது.

படியிறங்கும்போது அக்கா என்னை நிறுத்தினார். "ஊருக்கு எளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க? கண்டீன்ல என்கூட வேல செய்றவங்க நாலு பேரு வெளியீட்டுக்கு வர்றாங்க தம்பி, என் கதையக் கேக்கணும்னே. அவங்க வெங்காயம் உரிக்கையில படிச்சுக் காட்டிக் காட்டி எழுதின கதை. இப்ப அவங்க முன்னால நான் எதப் படிக்கிறது?"

"சட்டம் அப்படி, அக்கா," என்றேன். நல்ல பழமொழியைக் கேட்டால் எழுதிவைத்துக்கொள்வது என் பழக்கம். அன்றைக்கும் எழுதிக்கொண்டேன், வெட்கமில்லாமல். அவர் கதையில் வரும் நாட்டில் பிறந்திருந்தால் எனக்கும் ஒரு கரண்டி கொடுத்திருப்பார்கள்.

வெளியீடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஏழு பேருக்கும் ஒரே நிறப் பொன்னாடை. முதல் கதை, ஒருவர் தன் அப்பாவின் சாவைப் பற்றி எழுதியது. தன் பங்குச் சிரிப்பைச் செருக அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில் கரண்டியோடு ஓர் அதிகாரி வந்து பொண்டாட்டி சமையலை நினைத்து அழுதார். சபை திகைத்து உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் நான்கு பெண்கள் மட்டும் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஏய், இது நம்ம அக்கா சாம்பாருலா!"

"சும்மா இருடி, சாவு வீடு."

"சாவு வீட்டுல கரண்டிக்காரனுக்கு என்னடி வேல?"

அடுத்தது நான். ஒரு பஸ் ஓட்டுநரின் ஓய்வு நாளைப் பற்றிய என் கதையில், பக்கத்து வீட்டில் தூங்கிவிடுகிறவன் வந்தான். நான் வரியை முடிப்பதற்குள் பின்வரிசை முடித்துவிட்டது. ஆனாலும் மூன்று கைத்தட்டலும் எனக்குத்தான். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்து வந்த நான்கு கதைகளுக்கும் இதே கதிதான்.

கடைசியில் அக்கா. நான்கு பக்கக் கணக்கு குறையக்கூடாதென்று, சிரிப்பை எடுத்த இடங்களைத் தலைவர் வெள்ளையாகவே விட்டு அச்சடித்திருந்தார். அதிகாரி கரண்டியை வாயில் வைத்தார் என்று வாசித்துவிட்டு அக்கா நின்றார். அடுத்த வரி இல்லை. பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. புருஷன் மேடையேறினான். வெள்ளைத்தாள். மறுபடி சிரிப்பு. நான்காவது வெள்ளைக்கு மண்டபமே சிரித்தது. எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்த அக்காவும் தாங்க முடியாமல் சிரித்து, பொன்னாடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரக் கூட்டத்தில் தலைவர் எடுத்த முதல் விஷயமே அதுதான்.

"புத்தகத்துல இல்லாத சிரிப்பு ஆறு வந்திருக்கு. பங்கு வச்சாகணும். ஆனா ஆறை ஏழு பேருக்கு எப்படி வைக்கிறது?"

"அந்த ஆறும் அக்காவோடது, தலைவரே," என்றேன். வட்டத்தில் நான் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"யாரு முடிவு பண்ணது?"

"தெரியலைங்க. ஆனா நோட்டுல எழுதிட்டேன்."

எட்டிப் பார்த்தார். எழுதித்தான் இருந்தது. பேனாவை வாங்கி அந்த வரிக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷ அரசாங்க உத்தியோகம். பதிவானதை அடிக்க அவருக்குக் கை வரவில்லை.